1929 சீன கிழக்கு ரயில்வே சண்டை: நோட்ல இருந்தது ஒண்ணு, எல்லைல நடந்தது ஒண்ணு

1929 ஜூலை 10 காலைல, சீனாவோட வடகிழக்கு பகுதியான மஞ்சூரியாவுல ஹார்பின்ங்கிற ஊர்ல, சீன அதிகாரிங்க, சீனாவும் சோவியத்தும் சேந்து நடத்தின சீன கிழக்கு ரயில்வேயோட தந்தி லைன முழுசா தங்க கைக்கு எடுத்துக்கிட்டாங்க. சோவியத் வர்த்தக ஆபீஸ்களுக்கு சீல் வச்சாங்க. அதுக்கு அப்புறம் தான் ரயில்வேயோட சோவியத் ஜெனரல் மேனேஜர் எம்ஷானோவ்கிட்ட, நாங்க சொல்ற ஆள்கிட்ட பொறுப்ப குடுத்துட்டு கிளம்புங்கன்னு சொன்னாங்க, அவரு முடியாதுன்னாரு, உடனே அவரையும் அசிஸ்டன்ட் எய்ஸ்மாண்டையும் பதவிய விட்டு எடுத்து நாட்ட விட்டே அனுப்பிட்டாங்க. மொதல்ல தந்தி, அப்புறம் தான் மேனேஜர். இந்த வரிசைய மனசுல வச்சுக்கிட்டா அடுத்த அஞ்சு மாசம் நடந்தது நல்லா புரியும். ஏன்னா அந்த சண்டைய வெளி உலகம் பாத்தது பூரா தந்தி வழியாவும் தூதர்கள் கைமாத்தின நோட், அதாவது ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்துக்கு எழுதுற அதிகாரப்பூர்வ கடிதம் வழியாவும் தான்.

ரெண்டு உலகப்போருக்கு நடுவுல சீனாவும் சோவியத்தும் நேருக்கு நேர் மோதின சண்டை இது. டேங்க், விமானம், ஆத்துல போர்ப்படகு எல்லாம் வந்துச்சு, ஆயிரக்கணக்குல கைதிங்க. ஆனா ரெண்டு நாடுமே போர் அறிவிக்கல. அதனாலயே சரித்திர புத்தகத்துல ஒரு பாரா கூட இதுக்கு ஒழுங்கா கிடைக்காது, அது பெரிய தப்புன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா ரெண்டே வருஷம் கழிச்சு ஜப்பான் அதே மஞ்சூரியாவ மொத்தமா எடுத்துக்கிட்டப்ப உலக நாடுகள் என்ன பண்ணும், என்ன பண்ணாதுங்கிறது 1929-லயே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

இந்த ரயில்வே யாரோடதுங்கிற கேள்விக்கு நேரா ஒரு பதில் கிடையாது, அது தான் வம்போட வேர். 1896-ல ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முடிசூட்டு விழாவுக்கு சீனாவுல இருந்து லி ஹோங்ஜாங் போனாரு. ஜப்பான்கிட்ட சீனா தோத்து ஒரு வருஷம் தான் ஆச்சு, ஜப்பான் திரும்ப வந்தா சேந்து எதிர்ப்போம்னு ரஷ்யா ரகசிய ஒப்பந்தம் போட்டுது, அதுக்கு பதிலா மஞ்சூரியா குறுக்க ரயில் போட அனுமதி வாங்கிக்கிச்சு. சைபீரிய ரயில் பாதைய சீட்டா பக்கத்துல இருந்து விளாடிவோஸ்டோக் வரைக்கும் ரஷ்ய மண்ணுலயே கொண்டு போகணும்னா அமூர் ஆத்த ஒட்டி பெரிய வளைவு சுத்தணும், மஞ்சூரியா வழியா போனா பல நூறு கிலோமீட்டர் மிச்சம். நிதி அமைச்சரா இருந்த விட்டே தான் இதுக்கெல்லாம் மூளை. ஆனா ஒப்பந்தம் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுலன்னு இல்லாம ரஷ்ய-சீன வங்கி பேர்ல ஒரு கம்பெனி மூலமா போட்டாங்க. பேருக்கு தனியார் கம்பெனி, பணம் பூரா ரஷ்ய கஜானாவோட பொறுப்பு. ரயில் ஓட ஆரம்பிச்சு 80 வருஷம் கழிச்சு சீனாவுக்கு இலவசமா வந்து சேரும், 36 வருஷம் கழிச்சு வேணும்னா விலை குடுத்து வாங்கிக்கலாம். இது ஷரத்து.

கம்பெனிக்கு தன் நிலத்துல நிர்வாக உரிமை உண்டுன்னு இன்னொரு வரி இருந்துச்சு, அத பிடிச்சுக்கிட்டு ரஷ்யா அங்க போலீஸ் வச்சுது, கோர்ட் வச்சுது, முனிசிபாலிட்டி நடத்துச்சு. 1898-ல சுங்காரி ஆத்தங்கரைல ரயில்வே வேலைக்காக உண்டாக்கின ஹார்பின் சில வருஷத்துலயே முழு ரஷ்ய ஊரா ஆயிடுச்சு. மேற்க மஞ்சௌலில இருந்து கிழக்க சுய்ஃபென்ஹே வரைக்கும் சுமார் 1,500 கிலோமீட்டர் மெயின் லைன், ஹார்பின்ல இருந்து தெக்க போர்ட் ஆர்தர் வரைக்கும் ஒரு கிளை, 1903-ல முறையா போக்குவரத்து ஆரம்பிச்சுது. 1905-ல ஜப்பான்கிட்ட ரஷ்யா தோத்தப்ப அந்த தெக்கு கிளைல சாங்சுனுக்கு கீழ இருந்தது பூரா ஜப்பானுக்கு போச்சு, அது தான் தென் மஞ்சூரியா ரயில்வே. ரஷ்ய லைன் அகலப் பாதை, ஜப்பான் லைன் அத விட குறுகலான ஸ்டாண்டர்ட் பாதை, அதனால மஞ்சூரியாவோட பெரிய சரக்கான சோயா சாங்சுன்ல இறக்கி ஏத்தணும், இல்லன்னா விளாடிவோஸ்டோக் பக்கம் அனுப்பணும். சோயா எந்த துறைமுகத்துக்கு போகுதுங்கிறதே பெரிய அரசியல். 1929-ல ஜப்பான் ஏன் அவ்ளோ உன்னிப்பா பாத்துச்சுன்னு கேட்டா பாதி பதில் இங்கயே இருக்கு.

1917 புரட்சி வந்ததும் கணக்கே மாறிடுச்சு. ஜார் ஆட்சி பிடுங்கினத எல்லாம் திருப்பி தருவோம்னு சோவியத் வெளியுறவு துறைல இருந்த கராகான் பேர்ல 1919 ஜூலை 25 தேதி போட்டு ஒரு அறிக்கை வந்துச்சு. சீன இளைஞர்கள் மத்தியில அதுக்கு இருந்த வரவேற்பு சாதாரணமில்ல, வெர்சாய் சமாதான மாநாட்டுல தங்கள யாருமே மதிக்காத நேரத்துல ஒரு பெரிய நாடு தானா வந்து இப்டி சொல்லுது. 1920-ல பெய்ஜிங்குக்கு தந்தில வந்து சேந்த வாசகத்துல சீன கிழக்கு ரயில்வேய எந்த ஈடும் கேக்காம திருப்பி தர்றோம்னு ஒரு வரி இருந்துச்சு. ஆனா மாஸ்கோ பத்திரிகைல வந்த வாசகத்துல அந்த வரி இல்ல, பின்னாடி கேட்டப்ப நாங்க அப்டி சொல்லவே இல்லன்னுட்டாங்க. சீனாவுல இத யாரும் மறக்கல. 1929-ல ரயில்வேய கைப்பத்தினது சரி தான்னு சொன்னவங்க மனசுல, முன்ன குடுத்த வாக்க நீங்க தானே காப்பாத்தலங்கிற கோவம் இருந்துச்சு, அது நியாயமான கோவம்னு தான் நானும் சொல்வேன்.

அப்புறம் 1924 மே 31-ல பெய்ஜிங்ல கராகானும் சீன வெளியுறவு மந்திரி வெலிங்டன் கூவும் ஒப்பந்தம் போட்டாங்க. மஞ்சூரியாவ நிஜமா ஆண்டது பெய்ஜிங் இல்ல, ஜாங் சோலின்ங்கிற ராணுவ தலைவர், அதனால செப்டம்பர் 20-ல அவரோட தலைநகரான முக்டென்ல அவர்கூட தனியா இன்னொரு ஒப்பந்தம். ஒரே ரயிலுக்கு ஒரே வருஷத்துல ரெண்டு அரசாங்கத்தோட ரெண்டு ஒப்பந்தம். முக்டென் ஒப்பந்தத்துல 80 வருஷம் 60 ஆச்சு. ரெண்டு பேரும் சேந்து நடத்துற வியாபார நிறுவனம்னு முடிவு பண்ணி, போர்டுல சீன ஆளு 5, சோவியத் ஆளு 5, தலைவர் சீனாக்காரரு, ஜெனரல் மேனேஜர் சோவியத்காரரு. போர்டு ஒரு முடிவு எடுக்கணும்னா 6 ஓட்டு வேணும். 5-க்கு 5 இருக்கிற இடத்துல 6 எப்டி வரும்? எதிர் பக்கம் ஒருத்தராவது ஒத்துக்கணும், ஒத்துக்கலன்னா போர்டு அப்டியே நிக்கும், போர்டு நின்னா தினசரி வேலை பூரா மேனேஜர் இஷ்டப்படி நடக்கும், மேனேஜர் சோவியத் ஆளு. சரிசமம்னு எழுதின ஒப்பந்தத்துல அதிகாரம் ஒரு பக்கமா போய் சேந்துது இப்டி தான். 1929 ஜூலைல சீனா சொன்ன முதல் குற்றச்சாட்டே இது, நாங்க போர்டுல பேருக்கு தான் உக்காந்திருக்கோம்னு.

இன்னொரு ஷரத்து, ஒருத்தர் நாட்டுல இன்னொருத்தர் அரசியல் பிரசாரம் பண்ணக்கூடாது. சோவியத் அத மதிக்கலன்னு சீனா சொல்லுச்சு, புரட்சிய எதிர்த்து தப்பி வந்த வெள்ளை ரஷ்யர்களுக்கு இடம் குடுத்து ஆயுதம் குடுத்து எங்க எல்லைக்குள்ள அனுப்புறீங்கன்னு சோவியத் சொல்லுச்சு. ரெண்டுமே வெறும் புரளி கிடையாது.

ஒப்பந்தம் போட்ட நாள்ல இருந்தே உரசல் தான். சோவியத் இல்ல சீன குடியுரிமை இருந்தா தான் ரயில்வேல வேலைன்னு 1925-ல மேனேஜர் இவானோவ் ஆர்டர் போட்டாரு, நாடில்லாம ஹார்பின்ல வாழ்ந்த ரஷ்ய குடும்பங்கள் வேலைக்காக சோவியத் பாஸ்போர்ட் வாங்க வேண்டியதாச்சு. இந்த பாஸ்போர்ட் விஷயத்த கடைசில திரும்ப சொல்றேன். 1926 ஜனவரில ஜாங் சோலினோட சிப்பாய்ங்கள காசில்லாம ஏத்த முடியாதுன்னு சொன்னதுக்காக அதே இவானோவ அரெஸ்ட் பண்ணாங்க. 1927 ஏப்ரல்ல பெய்ஜிங் சோவியத் தூதரக வளாகத்துல ரெய்டு, அங்க பிடிபட்ட கம்யூனிஸ்ட் தலைவர் லி தாஜாவோவ தூக்குல போட்டாங்க. அதே வருஷ கடைசில கான்டன் ஊர்ல நடந்த கம்யூனிஸ்ட் எழுச்சிக்கு அப்புறம், நான்ஜிங்ல இருந்த சீன தேசியவாத அரசும் சோவியத்தும் உறவ அறுத்துக்கிச்சு. 1928 ஜூன் 4-ல ஜாங் சோலின் வந்த ரயில ஜப்பானோட குவான்டுங் படை அதிகாரிங்க குண்டு வச்சு தகர்த்து அவர கொன்னாங்க, மகன் ஜாங் சூலியாங் 27 வயசுல மஞ்சூரியா பொறுப்புக்கு வந்தாரு, வருஷ கடைசில நான்ஜிங் கொடிய ஏத்தி அந்த அரசோட தலைவர் சியாங் கை ஷேக் பக்கம் சேந்துட்டாரு.

1929 மே 27. ஹார்பின் சோவியத் கன்சலேட்ல சீன போலீஸ் நுழைஞ்சு, மூணாவது கம்யூனிஸ்ட் அகிலத்தோட (மாஸ்கோ நடத்தின உலக கம்யூனிஸ்ட் கட்சிகளோட அமைப்பு) ரகசிய கூட்டம் நடக்குதுன்னு சொல்லி, அங்க இருந்தவங்கள அரெஸ்ட் பண்ணி பேப்பர்கள அள்ளிட்டு போனாங்க. அந்த பேப்பர்ல இருந்ததுன்னு சீன தரப்பு வெளியிட்டத சோவியத் போலின்னு சொல்லுச்சு. இங்க தான் செய்தி படிக்கிறவங்களுக்கு முதல் சிக்கல், ஒரு ஆவணத்த வெளியிடறவங்களே அத பிடிச்சவங்களாவும் மொழிபெயர்த்தவங்களாவும் இருந்தா அது நிஜமா போலியாங்கிறது அந்த வாரமே யாருக்கும் தெரியாது, ஆனா தலைப்பு செய்தி அந்த வாரமே வந்துடும்.

மேல சொன்ன ரயில்வே கைப்பத்தல் இதுக்கு அப்புறம் தான். ஜூலை மொத வாரத்துலயும் ரெண்டாவது வாரத்துலயும் சியாங், ஜாங் சூலியாங், வெளியுறவு மந்திரி வாங் ஜெங்டிங் எல்லாரும் பெய்பிங்ல (பெய்ஜிங்கோட அப்போதைய பேரு) பேசினாங்க. வெளிநாட்டுக்காரங்க பிடுங்கி வச்ச உரிமைகள ஒண்ணொண்ணா மீட்கணும்னு நான்ஜிங்ல வேகம் இருந்த சமயம் அது, அதுல சோவியத் தான் தனியா நிக்கிற நாடு, அவங்கள தொட்டா மத்த வல்லரசுங்க கோவப்பட மாட்டாங்கன்னு நினைச்சிருப்பாங்க போல. நினைப்பு பாதி சரி. ஆனா சண்டை வந்தா அடி விழற இடம் நான்ஜிங் இல்ல, மஞ்சூரியா. முடிவு எடுக்கிறவங்க ஒரு ஊர்லயும் விலை குடுக்கிறவங்க ஒரு ஊர்லயும் இருந்தது தான் சீன பக்கத்தோட பெரிய பலவீனம்.

ஜூலை 13-ல கராகான் கையெழுத்தோட சோவியத் நோட் வந்துச்சு. உடனே பேச்சுவார்த்தை, ரயில்வேல எடுத்த நடவடிக்கை எல்லாம் ரத்து, அரெஸ்ட் ஆன சோவியத் ஆளுங்கள விடணும், பதிலுக்கு மூணே நாள். சீன பதில் திருப்தியா இல்லன்னு ஜூலை 17-ல உறவ முறிச்சு, தூதரக ஆளுங்க, ரயில்வே ஆளுங்க எல்லாரையும் திரும்ப கூப்பிட்டு, ரயில் தொடர்பையும் நிறுத்திட்டாங்க. சைபீரியா வழியா ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் நடுவுல போயிட்டிருந்த தபால் பூரா கப்பல் பாதைக்கு மாத்த வேண்டியதாச்சு.

இந்த நோட்டுகள படிச்சா ஒரு விஷயம் தெளிவா தெரியும், அது எதிராளிக்கு எழுதினது இல்ல. மூணாவது ஆளு படிக்கணும்னு எழுதினது. சோவியத் நோட் முழுக்க 1924 ஒப்பந்த ஷரத்துகள், நாங்க சட்டப்படி இருக்கோம், மீறினது அவங்கன்னு. சீன நோட் முழுக்க பிரசாரம், சதி, நாட்டு பாதுகாப்பு. உறவ முறிக்கும்போது கூட 1924 ஒப்பந்த உரிமைகள விட்டுக்குடுக்கலன்னு சோவியத் ஒரு வரி சேத்துச்சு, கடைசில ஜெயிச்சது அந்த ஒரு வரி தான்.

அமெரிக்க வெளியுறவு மந்திரி ஸ்டிம்சனுக்கு இது வந்து சேந்த நேரம் ரொம்ப இக்கட்டான நேரம். போர இனி தேசிய கொள்கையோட கருவியா வச்சுக்க மாட்டோம்னு 1928 ஆகஸ்ட் 27-ல பாரிஸ்ல கையெழுத்தான கெல்லாக்-ப்ரியான் உடன்படிக்கை அமலுக்கு வர்ற நாள் 1929 ஜூலை 24, ஹார்பின் சம்பவம் நடந்து சரியா ரெண்டு வாரம். இந்தியா பேர்லயும் அதுல கையெழுத்து உண்டு, பிரிட்டிஷ் அரசு போட்டது. சீனாவும் சேந்திருந்துச்சு, சோவியத் இன்னும் ஒரு படி மேல போய் அண்டை நாடுகளோட பிப்ரவரிலயே அத அமலுக்கு கொண்டு வர மாஸ்கோவுல தனி ஒப்பந்தம் போட்டிருந்துச்சு. உடன்படிக்கை உயிர் பெறுற வாரத்துலயே அதுல சேந்த ரெண்டு நாடு எல்லைல படைய குவிக்குது.

ஸ்டிம்சன் பேசணும்னா யார்கிட்ட பேசுறது? அமெரிக்கா சோவியத் அரச அங்கீகரிக்கவே இல்ல, மாஸ்கோவுல தூதர் கிடையாது. வாஷிங்டன்ல இருந்த சீன தூதர்கிட்ட நேரா சொன்னாரு, சோவியத்துக்கு ஃபிரான்ஸ் வெளியுறவு மந்திரி ப்ரியான் மூலமா சொல்ல சொன்னாரு. ரெண்டு பக்கமும் உடன்படிக்கைய மதிப்போம்னு பதில் வந்துச்சு, நாங்க முதல்ல தாக்க மாட்டோம்னு. அந்த பதில வச்சு வாஷிங்டன்ல சிக்கல் தீரப்போகுதுங்கிற நம்பிக்கை வந்துச்சு, நடுநிலை ஆளுங்க வச்சு விசாரணை கமிஷன் போடலாம்னு ஜூலை 25-ல ஸ்டிம்சன் மத்த நாட்டு தூதர்கள்கிட்ட யோசனையும் குடுத்தாரு. யாரும் பெருசா கைகுடுக்கல. ஜப்பானுக்கு மஞ்சூரியா விஷயத்துல வெளி ஆளுங்க கமிஷன் போடறதே பிடிக்காது, இன்னிக்கு இந்த ரயிலுக்கு கமிஷன் வந்தா நாளைக்கு தென் மஞ்சூரியா ரயில்வேக்கும் வரும்ல. ஜப்பான் வெளியுறவு மந்திரி ஷிடேஹாரா டோக்கியோவுல இருந்த ரெண்டு நாட்டு தூதர்களையும் நேரா பேச சொல்லி தன் பங்குக்கு முயற்சி பண்ணாரு.

நிஜமா வேலை செஞ்ச பாலம் ஜெர்மனி தான். உறவு முறிஞ்சதும் சீனாவுல சோவியத் ஆளுங்க நலனையும், சோவியத்துல சீன ஆளுங்க நலனையும் பாத்துக்க ரெண்டு பேருமே ஜெர்மனிய கேட்டாங்க. மாஸ்கோவுல ஜெர்மன் தூதர் டிர்க்சென் கைல ஒரு பக்க காகிதம், நான்ஜிங்ல இருந்து பெர்லின் வழியா இன்னொரு பக்க காகிதம். ஆகஸ்ட் கடைசில ரெண்டு பேரும் சேந்து வெளியிட ஒரு கூட்டறிக்கை கிட்டத்தட்ட தயார். சோவியத் புது மேனேஜர சிபாரிசு பண்ணும், போர்டு நியமிக்கும்னு சீன வரைவு, அந்த நியமனம் உடனே நடக்கணும்னு சோவியத் வெளியுறவு பொறுப்ப பாத்துக்கிட்ட லித்வினோவ் திருத்தம். உடனேன்னா பேச்சுவார்த்தைக்கு முன்னாடியே மேனேஜர் நாற்காலி சோவியத்துக்கு திரும்ப போயிடும், அப்புறம் பேசுறதுக்கு சீனா கைல என்ன இருக்கு? அந்த இடத்துலயே செப்டம்பர் போச்சு. போர்டுல 6 ஓட்டு கணக்க புரிஞ்சுக்கிட்டவங்களுக்கு இந்த மேனேஜர் பதவிக்கு ஏன் இவ்ளோ மல்லுக்கட்டுன்னு புரியும்.

காகிதம் பெர்லின் வழியா சுத்திக்கிட்டிருந்தப்பவே எல்லைல வேற நடந்துச்சு. ஆகஸ்ட் 6-ல தனி தூரக்கிழக்கு படைன்னு ஒண்ண சோவியத் உருவாக்கி ப்ளூகெர் கைல குடுத்தாங்க. 1920-கள்ல கேலன்ங்கிற பேர்ல கான்டன்ல சியாங் கை ஷேக்குக்கே ராணுவ ஆலோசகரா இருந்தவரு அவரு, சீன படை எப்டி யோசிக்கும், எங்க உடையும்னு அவருக்கு தெரிஞ்ச அளவுக்கு வேற சோவியத் தளபதி யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஹார்பின் பக்கத்துல சுங்பெய் முகாம்ல ஆயிரத்துக்கு மேல சோவியத் ஆளுங்கள அடைச்சு வச்சிருந்தாங்க, அங்க நிலைமை மோசம்னு ஜெர்மன் கன்சல் வழியா மாஸ்கோ திரும்ப திரும்ப புகார் பண்ணுச்சு. சோவியத் பக்கமும் சீனர்கள பிடிச்சு வச்சுது. மேற்க மூணு ஆறு வட்டாரத்துல குடியேறி வாழ்ந்த ரஷ்ய கொசாக் கிராமங்கள்ல சோவியத் ஆளுங்க எல்லை தாண்டி வந்து சாதாரண ஜனங்கள கொன்னாங்க. நோட்டுகள்ல வெள்ளை படையோட ஊடுருவல்ங்கிற ஒரே சொல்லுக்குள்ள இந்த கிராமத்து ஜனங்களும் அடக்கம் ஆயிட்டாங்க, எனக்கு இதுல ரொம்ப வலிக்கிற இடம் அது தான்.

அக்டோபர் 12-ல சுங்காரியும் அமூரும் சேர்ற லஹாசுசுல சோவியத் அமூர் படகுப்படை சீன ஆத்துப்படைய அழிச்சுது. மாச கடைசில ஃபுஜின் வரைக்கும் ஏறி வந்துட்டு திரும்பி போனாங்க. இந்த திரும்பி போறத கவனிக்கணும், இடத்த பிடிச்சு வச்சுக்கிட்டா ஆக்கிரமிப்பு, அடிச்சிட்டு போயிட்டா தற்காப்பு பதிலடி. ஒவ்வொரு தாக்குதலயும் சீன துப்பாக்கிச்சூட்டுக்கு பதில்னே மாஸ்கோ அறிக்கை சொல்லுச்சு. அதே சமயம் சீனாவுல ஃபெங் யூசியாங் ஆளுங்க சியாங்குக்கு எதிரா கிளம்பிட்டாங்க, நான்ஜிங்கால வடக்க ஒரு படைய கூட அனுப்ப முடியல. ஜாங் சூலியாங் தனியா நின்னாரு.

நவம்பர் 17. மேற்க மஞ்சௌலி, ஜலாய்நோர், கிழக்க மிஷான், ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல சோவியத் படை இறங்குச்சு. எம்எஸ்-1 டேங்க சோவியத் முதல் முறையா சண்டைல இறக்கினது இங்க தான், ஒன்பதே டேங்க். ஜலாய்நோர்ல சீன தளபதி ஹான் குவாங்டி சண்டைல செத்தாரு, மஞ்சௌலில லியாங் ஜோங்ஜியா தன் படையோட பிடிபட்டாரு. கைதிங்க எட்டாயிரத்துக்கு மேல. ரெண்டு மூணு நாள்ல மேற்கு முனை பூரா போச்சு, அப்புறம் ஹைலாரும் கைவிட்டு போச்சு.

வெளிநாட்டு தலைநகரங்களுக்கு இது எப்டி வந்து சேந்துதுன்னு பாக்கணும். அமெரிக்காவோட ஹார்பின் கன்சல் ஹான்சன் அங்க இருந்தே தந்தி அனுப்பிட்டிருந்தாரு, ஆனா மஞ்சௌலி அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர், நடுவுல லைன் அறுந்து கிடக்கு. முக்டென் சொல்றது ஜாங் சூலியாங்கோட கணக்கு. நான்ஜிங் சொல்றது வெளியுறவு துறை கணக்கு, அவங்களுக்கே முக்டென் சொன்னா தான் தெரியும். கபரோவ்ஸ்க்ல இருந்து சோவியத் செய்தி நிறுவனமான தாஸ் சொல்றது சோவியத் படையோட கணக்கு. டோக்கியோ சொல்றது மஞ்சௌலிலயும் ஹார்பின்லயும் கன்சலேட் வச்சிருக்கிற, இதுல சொந்த நலன் உள்ள ஜப்பானோட கணக்கு. எல்லைச் சண்டை செய்தில எந்த ஊர் பேர் போட்டு வருதுங்கிறது செய்தியோட உள்ளடக்கத்துக்கு சமமா முக்கியம், அந்த ஊர்ல இருக்கிறவருக்கு யார் சொல்லி தெரியும், எத்தனை நாள் கழிச்சு தெரியும்னு கேக்காம படிச்சா ஒண்ணுமே புரியாது.

நவம்பர் கடைசி வாரம் இதுக்கு சரியான உதாரணம். ஜாங் சூலியாங் தோல்விய ஒத்துக்கிட்டு, சோவியத் கேட்டபடி பழைய மேனேஜ்மென்ட் திரும்ப வரட்டும்னு நவம்பர் 26-ல மாஸ்கோவுக்கு சம்மதம் அனுப்பிட்டாரு. அதே நாட்கள்ல நான்ஜிங், சோவியத் ஆக்கிரமிப்ப தடுக்க ஏதாவது பண்ணுங்கன்னு கெல்லாக் உடன்படிக்கை நாடுகள்கிட்ட முறையிட்டுக்கிட்டிருந்துச்சு. ஒரே நாட்டு பேர்ல ஒரு ஊரு சரண் பத்தி பேசுது, இன்னொரு ஊரு உதவி கேக்குது. ஸ்டிம்சன் மத்த நாடுகளோட கலந்து பேசி ரெண்டு பக்கமும் சண்டைய நிறுத்தி சமாதானமா தீர்க்கணும்னு நோட் அனுப்பினது டிசம்பர் 2. மறுநாள் டிசம்பர் 3, ஜாங் அனுப்பின ட்சாய் யுன்ஷெங்கும் சோவியத் பிரதிநிதி சிமனோவ்ஸ்கியும் நிக்கோல்ஸ்க்-உசுரீஸ்க்ல முதல் உடன்பாட்டுல கையெழுத்து போட்டுட்டாங்க. உலகத்துல முப்பதுக்கும் மேல நாடுகள் ஆதரிச்ச நோட் போய் சேர்றதுக்குள்ள விஷயம் முடிஞ்சு போச்சு.

லித்வினோவ் குடுத்த பதில் தூதரக வரலாற்றுல பேர் வாங்கினது. நாங்க முக்டென்கூட நேரா பேசிட்டிருக்கிற நேரத்துல இந்த நோட் வர்றது நட்பான செயலா தெரியல, எங்க மேல அழுத்தம் குடுக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னாரு. அதோட, தன் சொந்த விருப்பத்துல எங்ககூட எந்த உறவும் வச்சுக்காத அமெரிக்கா எங்களுக்கு புத்தி சொல்றது ஆச்சரியமா இருக்குன்னும் சேத்தாரு. ஸ்டிம்சனோட எண்ணத்துல எனக்கு சந்தேகம் இல்ல, அவரு நிஜமா சண்டை நிக்கணும்னு தான் விரும்பினாரு. ஆனா பேசவே வழி இல்லாத நாட்டுக்கிட்ட, பின்னாடி எந்த பலமும் இல்லாத ஒரு உடன்படிக்கைய ஞாபகப்படுத்துறது மட்டும் போதும்னு நினைச்சது தான் தப்பு. ஜெர்மனியும் ஜப்பானும் அந்த நோட்ல சேரல. நிலைமை பக்கத்துல இருந்து தெரிஞ்ச ரெண்டு நாடு அவங்க தான்ங்கிறத அப்பவே கவனிச்சிருக்கணும்.

டிசம்பர் 22 கபரோவ்ஸ்க் உடன்பாடு. ஜூலை 10-க்கு முன்னாடி இருந்த நிலைமை அப்டியே திரும்ப, புது சோவியத் மேனேஜரா ரூடி, கைதிங்க விடுதலை, கன்சலேட் திறப்பு, வெள்ளை படைகளோட ஆயுதத்த பிடுங்கணும், மத்த பிரச்சனைக்கு மாஸ்கோவுல மாநாடு. ட்சாய் தன் அதிகாரத்த மீறிட்டாருன்னு நான்ஜிங் பின்னாடி சொல்லுச்சு, ஆனா ரயில் ஏற்கனவே சோவியத் மேனேஜர் கைல ஓடிக்கிட்டிருந்துச்சு. மாஸ்கோ மாநாடு இழுத்து இழுத்து 1930 அக்டோபர்ல தான் ஆரம்பிச்சு எந்த முடிவுக்கும் வராம கிடந்துச்சு.

இடதுசாரிகளுக்கு இது பெரிய மனப்போராட்டம். சீன கம்யூனிஸ்ட் கட்சி சோவியத்த காப்பாத்துவோம்னு கோஷம் வச்சுது, தன் நாட்டு மண்ணுல சண்டை நடக்கும்போது இந்த கோஷத்த ஜனங்க எப்டி ஏத்துக்குவாங்கன்னு கேட்ட கட்சியோட நிறுவனர் சென் துசியூவ நவம்பர்ல கட்சிய விட்டே நீக்கிட்டாங்க. அதே சமயம் ஸ்டாலினால நாடு கடத்தப்பட்ட ட்ராட்ஸ்கி, ரயில்வே விஷயத்துல சோவியத் பக்கம் தான் நின்னாரு. சென் கேட்டது தான் சரியான கேள்வின்னு எனக்கு தோணுது.

இதையெல்லாம் பக்கத்துல இருந்து ரொம்ப கவனமா பாத்துக்கிட்டிருந்தது குவான்டுங் படை. ஜாங் சூலியாங் படை எவ்ளோ சீக்கிரம் உடையுது, நான்ஜிங் உதவிக்கு வருமா, போர்னு பேர் வைக்காம தற்காப்புன்னு சொன்னா உலகம் என்ன பண்ணும், மூணுக்கும் பதில் கிடைச்சுது. 1931 செப்டம்பர் 18-ல முக்டென் பக்கத்துல தென் மஞ்சூரியா ரயில் பாதைல அவங்களே குண்டு வச்சு, சீனாக்காரங்க வச்சதா சொல்லி, தற்காப்புன்னு மஞ்சூரியா பூராவும் எடுத்துக்கிட்டாங்க. மறுபடியும் ரயில், மறுபடியும் முதல் செய்தி யார் கைலங்கிற விஷயம், மறுபடியும் ஸ்டிம்சனோட நோட். அமெரிக்கா சோவியத்த அங்கீகரிச்சது 1933 நவம்பர்ல, அப்ப மஞ்சூரியால ஜப்பானோட பொம்மை அரசான மஞ்சுகுவோ உக்காந்து ஒன்றரை வருஷம் தாண்டிடுச்சு.

1929-ல அவ்ளோ பேர் சாக காரணமா இருந்த ரயில்வேய சோவியத் 1935 மார்ச்ல மஞ்சுகுவோவுக்கு 140 மில்லியன் யென்னுக்கு வித்துடுச்சு, ஊழியர்களுக்கு குடுக்க வேண்டிய தொகை தனி. சீனாவ கேக்கல, சீனா கண்டனம் தெரிவிச்சதோட சரி. வித்ததும் ஆயிரக்கணக்கான ரயில்வே குடும்பங்கள் சோவியத்துக்கு திரும்பிச்சு. 1925-ல வேலைக்காக பாஸ்போர்ட் எடுத்தவங்க, 1929-ல அந்த பாஸ்போர்ட்டுக்காகவே சீன முகாம்ல அடைபட்டவங்க, எல்லாரும் அதுல உண்டு. 1937 செப்டம்பர்ல சோவியத் ரகசிய போலீஸ் ஹார்பின்ல இருந்து வந்தவங்க மேல ஜப்பான் உளவாளிங்கன்னு தனி உத்தரவே போட்டுது, பல்லாயிரம் பேர அரெஸ்ட் பண்ணாங்க, 30,000-க்கு மேல சுட்டு கொன்னாங்க. 1919 அறிக்கைக்கும் 1929 ஜூலை நோட்டுக்கும் பேர் குடுத்த கராகானையும் அதே மாசம் சுட்டாங்க. ப்ளூகெர் 1938 நவம்பர்ல விசாரணைக் காவல்ல செத்தாரு. ஜாங் சூலியாங் 1936-ல சியாங்கையே பிடிச்சு வச்சு, அதுக்கு பல பத்து வருஷம் வீட்டுக்காவல்ல இருந்துட்டு 2001-ல ஹொனலுலுல இறந்தாரு.

1945-ல ஜப்பான் தோத்ததும் ரயில்வே திரும்ப சீன-சோவியத் கூட்டு நிர்வாகத்துக்கு வந்துச்சு, இந்த தடவ 30 வருஷத்துக்கு. மக்கள் குடியரசு வந்தப்புறம் 1950 பிப்ரவரில மாஸ்கோவுல போட்ட ஒப்பந்தப்படி அந்த கெடுவையும் சுருக்கி, 1952 டிசம்பர் 31-ல சோவியத் தன் பங்க எந்த விலையும் வாங்காம சீனாவுக்கு குடுத்துடுச்சு. 1920-ல பெய்ஜிங்குக்கு தந்தில வந்த வாசகத்துல இருந்ததும், மாஸ்கோ இல்லன்னு சொன்னதும் இதே தான்.